சொல்லாமல் வைத்த மருந்து

1987 ஜூலை 26, ஞாயிற்றுக்கிழமை. காலை ஐந்தரைக்கு எழுந்து குழாயடியில் நான்கு குடம் தண்ணீர் பிடித்து, வாசல் தெளித்து, ஆறரைக்குக் கேழ்வரகுக் கூழ் குடித்துவிட்டு, அடைக்கூடையில் உட்கார்ந்திருந்த சாம்பல் கோழியின் வயிற்றுக்கடியில் கையை நுழைத்துப் பார்த்தேன். வைக்கோலும் சாம்பலும் இறகும் கலந்த அந்த வாசனையும், இப்போதுதான் இறக்கிய சோற்றுப் பானையைத் தொட்டது போன்ற அந்தச் சூடும் இன்னும் என் விரல்களில் இருக்கின்றன. பதினொரு முட்டைகள். இடி இடித்தால் கூமுட்டையாகிவிடும் என்று நடுவில் ஓர் இரும்புத் துண்டும் இரண்டு அடுப்புக்கரியும் வைத்திருந்தோம். அன்று பத்தொன்பதாம் நாள். சுவரில் நான் கரியால் இழுத்திருந்த கோடுகளும் பத்தொன்பது.

அப்போது எனக்குப் பதினொரு வயது. பழைய கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் அன்றன்று நடந்ததை எழுதும் பழக்கம் அந்த வருடம்தான் தொடங்கியிருந்தது. அதனால் நேரங்களைத் திட்டமாகச் சொல்ல முடிகிறது.

எங்கள் ஊர் கச்சிராயபாளையத்துக்குக் கிழக்கே, வாய்க்கால் ஓரத்தில் இருக்கிறது. வாய்க்காலைத் தாண்டினால் மோட்டார் வீட்டுக்காரர் நிலம். ஊரில் முதன்முதலாகக் கிணற்றுக்கு மோட்டார் வைத்தவர் என்பதால் அந்தப் பெயர். மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் கம்பிவலை அடித்து, ஓடு போட்டு, பதினேழு வெள்ளை "லெக்கான்" கோழிகளை அடைத்து வளர்த்தார். வேலை கேட்டு வருபவர்களிடமெல்லாம் கோழி வளர்ப்பைப் பற்றிப் பேசாமல் விடமாட்டார். "கோழி வளக்கறதுன்னா இப்டி வளக்கணும். தெருவுல மேய வுட்டுட்டு, கீரி புட்ச்சிக்கினு போயிட்ச்சி, காக்கா தூக்கிக்கினு போயிட்ச்சின்னு அழுவறதா வளக்கறது?" அம்மா அவர் எதிரில் தலையை ஆட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து சொல்வாள்: "காலு இருக்கற சீவன அடைச்சிப் போட்டுட்டு, அதுக்கு நாமளே மூணு வேளையும் எரை போடணுமாம். நமக்கே ஒரு வேளதான் ஒழுங்கா ஆவுது."

எங்கள் கோழிகள் குப்பைமேட்டில் கிளறும், வாய்க்கால் கரையில் புழு பொறுக்கும், விதைப்புக் காலத்தில் எதிர் வயலுக்கும் போகும். போகாது என்று நான் சொல்லமாட்டேன். ஆடியில் "மல்லாட்டை" என்கிற வேர்க்கடலை போட்டால், முளை வரும்வரை கோழிகள் ஏர்ச்சாலைக் கிளறிப் பருப்பைத் தின்றுவிடும். அதற்காக நிலத்துக்காரர்கள் கம்புத் தானியத்தில் பூச்சிமருந்தைக் கலந்து வரப்பில் தூவுவார்கள். அதற்கு ஊரில் ஒரு முறை உண்டு. மருந்து வைப்பவர் வைக்கும் முன்பே வீடு வீடாகப் போய் வாசலில் நின்று, "இன்ன வரப்புல மருந்து வெக்கறேன், கோழிய அடைச்சிக்குங்க" என்று சொல்ல வேண்டும். சொன்ன பிறகு கோழி செத்தால் வளர்த்தவர் பாடு. சொல்லாமல் செத்தால் வைத்தவர் பாவம்.

வெள்ளிக்கிழமை மோட்டார் வீட்டுக்காரர் நிலத்தில் ஏர் பின்னால் நடந்து மல்லாட்டைக் கொட்டை போட்டவர்கள் எங்கள் தெருப் பெண்கள்தான். அம்மாவும் போனாள். சனிக்கிழமை மோட்டார் வீட்டுக்காரர் மேலத்தெருவில் பன்னிரண்டு வீடுகளுக்குப் போய் மருந்து வைப்பதைச் சொன்னார். எங்கள் தெருவுக்கு வரவில்லை.

அடையில் இருக்கும் கோழி நாளுக்கு ஒரு முறைதான் இறங்கும். இரை எடுத்து, தண்ணீர் குடித்து, எச்சமிட்டு, முட்டை ஆறுவதற்குள் ஓடி வந்துவிடும். சாம்பல் கோழி அன்று எட்டு மணிக்கு இறங்கியது. எட்டே முக்கால் வரை வராததால் நான் தேடிப் போனேன். வாய்க்கால் கரையில், கழுத்து முறுக்கிக்கொண்டு, கொண்டை கறுத்துக் கிடந்தது. கூடை இருந்த திசையில் தலையை வைத்திருந்தது. பக்கத்தில் எங்கள் வெடைக்கோழிகள் இரண்டு. பத்து மணிக்குள் தெருவில் மொத்தம் ஒன்பது.

அம்மா இரைப்பையைக் கிழித்துப் பார்த்தாள். கம்பு. மருந்து நெடி மூக்கில் ஏறியது. "சொல்லியிருந்தா கூடையப் போட்டுக் கவுத்திருப்பனே, ஒரு வார்த்த" என்றாள். அழவில்லை. இரண்டு நாளில் பொரிய இருந்தவை என்பதால் வேறு அடைக்கோழி தேடித் தெரு முழுக்கப் போனாள், கிடைக்கவில்லை. பதினோரு மணிக்கு முட்டைகள் சில்லென்று ஆகிவிட்டன. நான் ஒன்றை உடைத்தேன். உள்ளே ஈர மயிரும் அலகும் நகமும் முழுதாக வந்திருந்த குஞ்சு. அதை மூடி வைத்துவிட்டு, வேப்பங்கொட்டை பொறுக்கும் கூடையை எடுத்துக்கொண்டு வாய்க்காலைத் தாண்டினேன்.

மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு வேப்பமரம் உண்டு. ஆடியில் அங்கே நாங்கள் பொறுக்கப் போவதை யாரும் கேட்கமாட்டார்கள். மோட்டார் வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்த நேரம். கம்பிவலைக் கதவின் "கொண்டி"யை எடுத்துவிட்டு மரத்தடிக்கு வந்து பொறுக்க ஆரம்பித்தேன்.

கோழிகள் வெளியே வரவில்லை. திறந்த வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றன. அதுவரை மண்ணை மிதிக்காத கால்கள். அரைக்கூடை நிறையும் வரை நின்றன. அப்புறம் ஒன்று ஒரு வெட்டுக்கிளியின் பின்னால் இறங்கியது. அதைப் பார்த்து மற்றவை இறங்கின. பதினைந்து வெளியே வந்தன, இரண்டு வரவே இல்லை. கிளறத் தெரியாத அந்தக் கோழிகளுக்கு, கண்ணுக்கு எதிரே தூவிக் கிடக்கும் தானியம்தான் தெரிந்தது. அது எந்த வரப்பில் கிடந்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

நான் வீட்டுக்கு வந்தபோது, தெருப் பெண்கள் வாய்க்கால் ஓரத்துப் புங்கமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். வரப்பின் மேல் வெள்ளைக் கோழிகள் வரிசையாகப் போவது எல்லோருக்கும் தெரிந்தது. எதிர்வீட்டு அஞ்சலை அக்கா பழக்க தோஷத்தில் "சூ" என்று எழுந்துவிட்டாள்.

"உக்காரு அஞ்சல" என்றாள் அம்மா. "ஒனக்கு யாரு வந்து இன்னா சொன்னாங்க?"

அஞ்சலை அக்கா உட்கார்ந்தாள். பிறகு ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அம்மா என் கூடையைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். "சோறு இருக்குது, போய்த் துன்னு" என்று மட்டும் சொன்னாள்.

மூன்று மணிக்கு மோட்டார் வீட்டுக்காரர் வாய்க்கால் கரைக்கு வந்தார். இரண்டு கையிலும் தலைகீழாக வெள்ளைக் கோழிகள்.

"ஏம்மா, எல்லாரும் பாத்துக்கினுதான உக்காந்திருந்தீங்க? ஒரு கல்ல எடுத்து வெரட்டக் கூடாதா? மருந்து வெச்ச வரப்பு அது!"

அம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு எழுந்தாள். "மருந்தாங்க? எங்களுக்கு எப்டிங்க தெரியும்? யாரும் வந்து சொல்லலீங்களே."

"வெள்ளக் கோழியாச்சே, காத்து வாங்கப் போவுதுன்னு நெனச்சங்க" என்றாள் அஞ்சலை அக்கா. பின்னால் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள்.

"கொண்டிய யார்ரா எடுத்தது?" என்று அவர் கேட்டார். கேட்டபோதே, மரத்தடியில் சாக்கின் மேல் வரிசையாகக் கிடத்தியிருந்த எங்கள் ஒன்பது கோழிகளும் அவர் கண்ணில் பட்டன. பக்கத்தில் என் பதினொரு முட்டைகள், ஒன்று உடைந்தபடி. அவர் திரும்பி நடந்தார்.

இத்தனை வருடம் கழித்து, அந்தக் கோழிகள் என்ன பாவம் செய்தன என்று என் மகள் கேட்கிறாள். ஒன்றும் செய்யவில்லை. சாம்பல் கோழியும்தான் செய்யவில்லை. கூண்டைவிட்டு வராத இரண்டும் பிழைத்தன என்பதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். அடைத்து வளர்ப்பதே சரி என்பதற்கு அவர் கடைசிவரை அவற்றைத்தான் சாட்சி சொன்னார். இன்று கள்ளக்குறிச்சியில் மாடி மேல் வலை கட்டி நானும் நான்கு கோழிகளை அடைத்துத்தான் வைத்திருக்கிறேன். ஊரில் மல்லாட்டை போடுவாரில்லை, எல்லாம் கரும்பும் மக்காச்சோளமும். சின்னசேலம் சாலையில் போனால் ஆயிரக்கணக்கில் கோழி அடைத்த நீளக் கொட்டகைகள். மருந்து அடிப்பவர் யாரும் யாருடைய வாசலிலும் வந்து சொல்வதில்லை. சொல்ல வேண்டும் என்று ஒரு முறை இருந்ததே பலருக்குத் தெரியாது. எனக்கு அன்றைக்கும் வருத்தமில்லை, இன்றைக்கும் இல்லை.

ஜூலை 27, திங்கட்கிழமை. காலை ஆறு பத்து. வாசல் தெளித்துக்கொண்டிருந்தபோது மோட்டார் வீட்டுக்காரர் எங்கள் தெருவுக்குள் வந்தார். முதல் வீடு எங்களுடையது. தரையைப் பார்த்துக்கொண்டே, "கெழக்கு வரப்புல மருந்து வெச்சிருக்கறன். கோழிய அடைச்சிக்குங்க" என்றார். அடைப்பதற்கு எங்களிடம் ஒரு கோழியும் இல்லை. "செரிங்க" என்றாள் அம்மா. அவர் அடுத்த வீட்டுக்குப் போனார். பதினான்கு வீடுகளிலும் சொல்லி முடிக்கும்வரை நான் தண்ணீர்ச் செம்போடு அவர் பின்னாலேயே நடந்தேன். ஒரு வீட்டை அவர் விட்டிருந்தால், திருப்பி அழைத்து நிறுத்தியிருப்பேன்.