புரூஃப் ஐயாவின் பிழைக் கோப்பு

‘புரூஃப் ஐயா’. பிறப்பு 1954, இறப்பு 2014. உடன் வேலை பார்த்த எவரும் அவரை வேறு பெயரால் அழைத்ததில்லை.

இருபத்தாறு ஆண்டுகள் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தினார். 1999-இல் அச்சகம் மூடப்பட்டதும், மனைவியின் தம்பி நடத்திய நிறுவனத்தில் சேர்ந்தார். சக்கர நாற்காலி, காதுக் கருவி, முழங்கால் பட்டை ஆகியவற்றை வலைப்பக்கம் வழியே விற்ற நிறுவனம் அது. அங்கே கோப்புகள் என் பொறுப்பில் இருந்தன.

அந்நாளைய தேடுபொறி எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்க்கும். நோயின் பெயரை ஒருவர் பிழையாகத் தட்டினால், அதே பிழை உள்ள பக்கத்தையே அவருக்குக் காட்டும். மைத்துனர் இதைக் கண்டுகொண்டார்.

“அத்தான், ஜனங்க எப்படியெல்லாம் தப்பாத் தட்டுவாங்களோ, அத்தனையும் நம்ம பக்கத்தோட அடியில இருக்கணும். வெள்ளைப் பின்னணி, வெள்ளை எழுத்து. மனுஷனுக்குத் தெரியாது, மெஷினுக்குத் தெரியும்.”

புரூஃப் ஐயா இரண்டு மாதம் முயன்றார். அவர் யோசித்து யோசித்து எழுதிய பிழைகளை உலகில் ஒருவரும் செய்யவில்லை. திருத்திப் பழகிய கை தவற மறுத்தது.

“ஊரு தப்பையெல்லாம் திருத்தினாரு. சொந்தமா ஒரு தப்புப் பண்ணத் துப்பில்ல!” என்று ஊழியர்கள் எதிரிலேயே மைத்துனர் சிரித்தார். இன்னும் ஒரு மாதம்தான் என்று கெடுவும் வைத்தார்.

ஐயாவின் மனைவி எட்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவர். பக்கத்துத் தெரு மருத்துவமனையின் பதிவு மேசையில் உட்கார வேண்டும் என்பதே அவருடைய ஒரே ஆசை. நோயாளியின் பெயரையும் நோயின் பெயரையும் தட்டத் தெரிந்தால் போதும். ஆண்டுக்கு ஒரு தேர்வு. வயது வரம்பு நாற்பத்தைந்து. அப்போது அவருக்கு நாற்பத்திரண்டு.

“ஏங்க, எனக்குக் கொஞ்சம் சொல்லிக் கொடுங்களேன்.”

ஐயா அலுவலகத்தின் பழைய கணினி ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தார். நாள்தோறும் மாலை ஆறு மணிக்குச் சாப்பாட்டு மேசையில் முப்பது சொற்களை வாசிப்பார். அம்மையார் கேட்டபடி தட்டுவார். திரையைக் கணவர் பக்கம் திருப்பிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார்.

“சரியா இருக்குதாங்க?”

“சரியாத்தான் இருக்கு.”

முப்பதில் இருபது பிழையாக இருக்கும். ஒன்றையும் அவர் திருத்தவில்லை. மறுநாள் காலை அவை வலைப்பக்கத்தின் அடியில் வெள்ளை எழுத்தில் ஏறிவிடும். ஊரில் பாதிப்பேர் அம்மையார் தட்டியபடியேதான் தட்டினார்கள் போலும். அலுவலகத் தொலைபேசி ஓயாமல் அடித்தது. மைத்துனர் அத்தானுக்குத் தனி அறை ஒதுக்கினார்.

2001-இல் அம்மையார் தேர்வில் தவறினார். 2002-இலும் தவறினார். “அவங்க ஆளுங்களுக்கே வேலையக் கொடுத்துக்கறாங்க. நீ விடாம தட்டிட்டே இரு” என்று ஐயா தேற்றினார். 2003-இல், கடைசி வாய்ப்பில், மேசைக்குப் பின்னாலிருந்த எழுத்தர் சிவப்புக் கோடு நிறைந்த தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

“யாரும்மா உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது?”

“எங்க வீட்டுக்காரர். இருபத்தாறு வருஷம் புரூஃப் பார்த்தவர்.”

எழுத்தருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வரிசையில் நின்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். வீடு வந்த அம்மையார் தாளைக் கணவர் முன் வைத்தார். அவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “புதுசா நாலு இருக்கே” என்று தம் பையில் போட்டுக்கொண்டார்.

மறு ஆண்டு தேடுபொறி மாறியது. பிழையாகத் தட்டினாலும், “இதையா தேடுகிறீர்கள்?” என்று தானே திருத்திக் காட்டத் தொடங்கியது. மறைத்து வைத்த சொற்களை மோசடி என்று கண்டு, எங்கள் பக்கத்தை எவர் கண்ணுக்கும் எட்டாத தொலைவுக்குத் தள்ளியது. ஒரே வாரத்தில் தொலைபேசி ஊமையாயிற்று. மைத்துனர், ஐயா அலுவலகத்தில் எழுதிவந்த பிழைக் கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அத்தான் வீட்டுக்குப் போனார். கணினியைத் திரும்ப எடுக்க நானும் உடன் சென்றேன்.

“அக்கா, இந்தா உன் புருஷனோட சொத்து. இனிமே தப்பை மெஷினே திருத்திக்குது, இவருக்கு அங்க வேலையில்ல. ஆனா ஒண்ணு, உன் கைவரிசையிலதான் கம்பெனி நாலு வருஷம் ஓடிச்சு!”

அம்மையார் கோப்பை நின்றபடியே படித்தார். ஒவ்வொரு பக்கத்திலும் நாள், அவர் தட்டிய பிழை, அது இழுத்துவந்த வாடிக்கையாளர் எண்ணிக்கை. இரண்டாம் தேர்வு நாளுக்கு நேரே, அச்சுப்போன்ற கையெழுத்தில் ஒரு குறிப்பு: ‘தேறவில்லை. பயிற்சி தொடரலாம்.’

அவர் அழவில்லை. “கணினி இங்கேயே இருக்கட்டும் சார்” என்று மட்டும் என்னிடம் சொன்னார்.

2013-இல் ஐயாவைப் பக்கவாதம் தாக்கியது. பேச்சும் வலக்கையும் போயின. வேண்டியதைத் தட்டிக் காட்டும்படி அம்மையார் அந்தக் கணினியைக் கட்டிலருகே வைத்தார்.

நான் பார்க்கச் சென்ற அன்று, ஐயாவின் உதடு வெடித்திருந்தது. கண் மேசைமேலிருந்த தண்ணீர்க் குவளையிலேயே நிலைத்திருந்தது. இடக்கையின் ஒற்றை விரலால் நெடுநேரம் தட்டினார். விரல் நடுங்கிப் பக்கத்து எழுத்துகளிலும் விழுந்தது. அம்மையார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையைப் படித்தார்.

“சரியாத்தான் இருக்குங்க.”

பிறகு அந்தப் பழைய கோப்பை எடுத்து, நாளிட்டு, அவர் தட்டியதை எழுத்துப் பிசகாமல் எழுதிக்கொண்டார். நான் குவளையை எடுக்க எழுந்தேன்.

“உட்காருங்க சார். அவர் தண்ணி கேக்கலையே.”

நான் உட்கார்ந்துவிட்டேன்.

கோப்பின்படி, புரூஃப் ஐயா கடைசியாக ஒரு சொல்லைத் தட்டியது 2014 மார்ச் 11, செவ்வாய்க்கிழமை.