அவன் பந்துக்கு வேறொரு கீப்பர்

சனிக்கிழமை மதியங்களில் பினாங்குப் படகுத்துறை ஜெட்டிக்கு வெளியே காரை நிறுத்திக்கொண்டு, பட்டர்வொர்த்திலிருந்து வரும் பெர்ரிக்காகக் காத்திருப்பது வெகுகாலம் என் வழக்கமாக இருந்தது. அவன் சுங்கை பாக்காப்பிலிருந்து மோட்டார்சைக்கிளில் வந்து, வண்டியை அக்கரையிலேயே விட்டுவிட்டு, பையைத் தோளில் போட்டுக்கொண்டு பெர்ரி ஏறுவான். கூட்டத்தில் கடைசி ஆளாகத்தான் இறங்கி வருவான். நான் கதவைத் திறந்துவிட, ஏறி உட்கார்ந்ததும், "சாப்ட்டீங்களா அண்ணே?" என்பான். நான் சாப்பிட்டிருக்க மாட்டேன் என்று அவனுக்குத் தெரியும். அவன் பையில் எப்போதும் இரண்டு பொட்டலம் நாசி லெமாக் இருக்கும்.

அவன் ஆஃப் ஸ்பின் போடுவான். நான் கீப்பர். ஜார்ஜ் டவுனில் ஒரு பழைய கிளப்புக்கு இருவரும் ஆடினோம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அரசாங்க ஆபீஸ்களில் வேலை பார்த்த குடும்பங்கள் அந்தக் காலத்தில் தொடங்கிய கிளப் அது. என் அப்பா அதற்கு ஆடினார், சித்தப்பாவும் ஆடினார். நான் பீச் ஸ்ட்ரீட்டில் ஒரு கப்பல் சரக்கு ஆபீசில் வேலைக்குச் சேர்ந்த பிறகும் சனி, ஞாயிறு அங்கேதான் கழிந்தது. அவன் ரப்பர் தோட்டத்துப் பிள்ளை. அக்கரையில், பிறை என்ற ஊரில், ஒரு பேக்டரியில் டெக்னீசியன். வலைப் பயிற்சிக்கு யாரோ ஒருவர் கூட்டிவந்தார். அன்று அவன் போட்ட முதல் பந்து பாயில் குத்தித் திரும்பிய விதத்தைப் பார்த்து, நான் மட்டையோடு குனிந்த வாக்கில் அப்படியே இருந்துவிட்டேன்.

இங்கே புல் ஆடுகளம் குறைவு. சிமெண்டின்மேல் பாய் விரித்துத்தான் ஆட்டம். பாயில் பந்து நன்றாகத் திரும்பும், எழும்பும். ஸ்டம்புக்குப் பின்னால் ஒட்டி நிற்கிற கீப்பருக்கு வீசுபவன் மனம் தெரியாவிட்டால் மூக்கு உடையும். அவன் மனம் எனக்கு மெல்ல மெல்லத் தெரிய வந்தது. திரும்பாமல் நேராகப் போகும் பந்தைப் போடுவதற்கு முன்னால் இடது முழங்கையால் நெற்றியைத் துடைத்துக்கொள்வான். நாங்கள் பேசி வைத்துக்கொண்ட சைகை இல்லை அது. ஒருநாள் நான் கவனித்தேன். நான் கவனித்ததை அவனும் கவனித்தான். அதன்பின் அது எங்களுக்குள் இருந்தது. பேட்ஸ்மேன் முன்னால் இறங்கி வருவான், பந்து மட்டையைத் தாண்டும், என் கைக்குள் வரும், பெயில் விழும். அம்பயர் விரலைத் தூக்குவதற்குள் நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்து முடித்திருப்போம்.

ஒரு சனிக்கிழமை ஆட்டம் முடிந்து, ஜெட்டிப் பக்கத்துத் தமிழ் முஸ்லிம் மாமாக் கடையில் தே தாரேக் டீயோடு உட்கார்ந்திருந்தோம். அவன் கிளாசைத் தொடவே இல்லை.

"அண்ணே, ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லு தம்பி."

"எங்க பேக்டரில டீம் போடறாங்க. அந்தப் பக்கத்து லீக்ல ஆடப் போறாங்க. என்னை கேப்டனா இருக்கச் சொல்றாங்க."

"அப்ப நம்ம கிளப்?"

அவன் பெர்ரிகள் பக்கம் திரும்பினான். "நம்ம கிளப்புல எனக்கு யாரும் ஒரு குறையும் வைக்கல அண்ணே. ஆனா கேப்டன் யாருன்னு பேசறப்ப என் பேரு அந்த ரூமுக்குள்ள போனதே இல்ல. போகவும் போகாது. எனக்குக் கோவம் இல்ல லா. ஒரு தடவ நானே ஃபீல்டு செட் பண்ணிப் பாக்கணும்னு ஆசை."

அவன் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. கேப்டன் பதவி மூன்று நான்கு குடும்பங்களுக்குள்ளேயே சுற்றிவந்தது எல்லோருக்கும் தெரியும்.

"நீங்களும் வாங்கண்ணே. கீப்பர் இன்னும் யாரும் இல்ல."

"எனக்கு இது வீடு மாதிரி தம்பி."

"தெரியும் லா. அதான் மெதுவாக் கேட்டேன்."

அன்று அவன் பெர்ரி ஏறும்வரை நின்றேன். வழக்கமாக நான் நிற்பதில்லை.

அடுத்த பருவத்தில் எங்கள் கிளப்புக்கு வேறு ஸ்பின்னர்கள் வந்தார்கள். ஒருவன் கல்லூரி மாணவன், நன்றாகவே போட்டான். ஆனால் அவன் பந்தைப் பிடிக்கும்போது நான் வேலை செய்துகொண்டிருந்தேன். முன்பு அது வேலையாக இருந்ததில்லை. சனிக்கிழமை கார் தானாக ஜெட்டிப் பக்கம் திரும்பப் பார்க்கும். வீட்டில் மனைவி இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு, "ஒரு போன் போட்டுப் பேசுங்களேன், இப்படி உக்காந்திருக்கறதுக்கு," என்றாள். போட்டேன். ஆட்டத்தைப் பற்றி இருவருமே பேசவில்லை. எங்கள் வீடு இருக்கும் ஆயர் ஈத்தாமில் மழையா என்று கேட்டான். ஆமாம் என்றேன்.

அந்த வருடமே இரண்டு டீமுக்கும் ஒரு ஆட்டம் வந்தது. பாலத்தைத் தாண்டி அக்கரைக்குப் போய் ஆடினோம். அவன் பந்தை வலையில் நான் எத்தனையோ முறை ஆடியிருக்கிறேன். ஆனால் வலையில் பின்னால் கீப்பர் இருப்பதில்லை. அன்று நான் மட்டையோடு நின்றபோது, எனக்குப் பின்னால் வேறு ஒருவன் குனிந்து உட்காரும் சத்தம் கேட்டது. பேக்டரியில் புதிதாகச் சேர்ந்தவன். அவன் கையுறைகள் புதியவை. தட்டும்போது விறைப்பாகச் சத்தம் போட்டன.

இரண்டாவது ஓவரில், பந்து வீச வந்த தம்பி இடது முழங்கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். பழக்க தோஷம்தான். யார் எதிரில் நிற்கிறார்கள் என்பதை மறந்துவிட்டான். பந்து நேராக வரும் என்று அந்த மைதானத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். இறங்கி அடித்திருக்கலாம், இறங்கவும் செய்தேன். ஆனால் மட்டை வீசுவதற்குப் பதிலாக என் கண் பந்தோடு பின்னால் போயிற்று. பந்து என்னைத் தாண்டியது. பின்னால் நின்றவன் தடுமாறினான், பந்து அவன் மார்பில் பட்டுக் கீழே விழுந்தது. மட்டையைத் திருப்பி வைக்க எனக்கு வேண்டிய நேரம் இருந்தது. நான் வைக்கவில்லை. திரும்பி, என் இடத்தில் நிற்கிறவன் முகத்தைப் பார்த்தேன். அவன் தட்டுத்தடுமாறிப் பந்தை எடுத்து ஸ்டம்பில் தட்டினான்.

எல்லோரும் கத்தினார்கள். வீசியவன் மட்டும் கத்தவில்லை. நான் வெளியே நடந்தபோது என் பக்கத்தில் வந்து, "என்ன அண்ணே, இப்படிப் பண்ணிட்டீங்க?" என்று மெதுவாகக் கேட்டான். அடுத்த பந்துக்குத் திரும்பிப் போய்விட்டான். அவன் ஃபீல்டை மாற்றி அமைக்கும் அழகை அன்று வெளியே உட்கார்ந்து பார்த்தேன். ஒவ்வொரு ஆளையும் கையைத் தூக்காமல், தலையசைப்பிலேயே நகர்த்தினான். நல்ல கேப்டனாகத்தான் இருந்தான்.

சில வருடங்களில் அவன் பேக்டரியையும் விட்டான். அவன் மனைவி தாதி. அவளுக்கு அயர்லாந்தில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது, குடும்பத்தோடு கிளம்பிவிட்டார்கள். அங்கே கிரிக்கெட் ஆடுவார்களா என்று கேட்டேன். "போய்ப் பாத்துட்டுச் சொல்றேன்," என்றான்.

ஆடுகிறார்கள். ஒரு சின்ன ஊரில், வேலிக்கு அந்தப்பக்கம் ஆடு மேயும் மைதானம். கோடையிலும் இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் பந்து வீசுகிறான் என்றான். டீமில் பாதிப்பேர் அந்த ஊரிலேயே பிறந்து, அப்பா தாத்தா காலத்திலிருந்து அதே கிளப்புக்கு ஆடுகிறவர்கள். மீதிப் பாதி இந்தியா, பாகிஸ்தானிலிருந்து வேலைக்குப் போனவர்கள். வந்தவர்கள் இன்று ஒரு கிளப், அடுத்த வருடம் ஒரு கிளப். வேலை மாறினால் வீடு மாறும், வீடு மாறினால் கிளப் மாறும். ஊர்க்காரர்கள் அதைப் பெரிதுபடுத்துவதில்லை, ஆனால் மறப்பதும் இல்லை என்றான்.

அவர்களுடைய ஸ்கோர் எல்லாம் போனிலேயே பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் பசாருக்குப் போய்விட்டு வந்து, ரொட்டி சானாய் பொட்டலத்தைப் பிரிக்கும் முன்னால் அதைத்தான் திறப்பேன். ஸ்டம்பிங் என்றால் கீப்பர் பெயரும் வீசியவன் பெயரும் சேர்ந்தே வரும். அவன் பெயருக்குப் பக்கத்தில், வாயில் நுழையாத ஓர் ஐரிஷ் பெயர். அந்த மனிதரை எனக்குத் தெரியாது. எப்படி நிற்பார், எப்போது எழுவார் என்று யோசித்துக்கொண்டே ரொட்டியை ஆறவிட்ட நாட்கள் உண்டு.

ஒருநாள் அவனே கூப்பிட்டான். சாயங்காலம், நான் ஆபீஸ் விட்டு ஆயர் ஈத்தாம் பஸ்ஸில் இருந்தேன்.

"அண்ணே, இங்க ஒரு பெரிய கிளப்லேருந்து கூப்பிடறாங்க. மேல் டிவிஷன். கிரவுண்டு என் வீட்டுலேருந்து நடந்தே போயிடலாம். பையனையும் சேத்துக்குவாங்க. போகட்டுமா?"

"இதை எங்கிட்டயா கேக்கற?"

"வேற யாருகிட்ட கேக்க?" என்றான். "நான் வந்த புதுசுல இந்தச் சின்ன கிளப்புல ஸ்கோர் எழுதற பெரியவரு ஸ்டேஷனுக்கே வந்து என்னைக் கூட்டிட்டுப் போனாரு. ஸ்வெட்டர் கூட அவரு குடுத்ததுதான். அந்த மனுஷர் மூஞ்சியப் பாத்து எப்படிச் சொல்றது? சூசா லா அண்ணே, ரொம்பக் கஷ்டம்."

"எங்கிட்ட எப்படிச் சொன்னே?"

"உங்ககிட்ட சொல்றதுக்கு ஒவ்வொரு வாரமும் பெர்ரில எனக்குள்ளயே பேசிப் பாத்துக்கிட்டு வருவேன். நீங்க காடிக் கதவத் தெறப்பீங்க. சொல்லாமலே திரும்பிப் போயிடுவேன். அப்படி எத்தனையோ வாரம்."

பஸ் சந்தைப் பக்கம் திரும்பியது. நான் இறங்க வேண்டிய இடம் தாண்டிவிட்டது. பெல்லை அழுத்தத் தோன்றவில்லை.

"அந்தப் பெரிய கிளப்புல கீப்பர் யாரு?" என்றேன்.

"ஒரு பஞ்சாபிப் பையன். நல்லா நிக்கிறான்."

"அப்ப போ."

போய்விட்டான். பெரியவர் வீட்டுக்கு நேரில் போய்ச் சொன்னானாம். அவர் டீ போட்டுக் கொடுத்து, மழையைப் பற்றிப் பேசி, வாசல்வரை வந்து, ஸ்வெட்டரைத் திருப்பித் தர வேண்டாம் என்றாராம்.

நான் எங்கும் போகவில்லை. ஆனாலும் என் கிளப் இன்று இல்லை. இளைஞர்கள் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். சனிக்கிழமை பதினொரு பேரைச் சேர்ப்பதே பெரும்பாடாயிற்று. கடைசியில் இன்னொரு கிளப்போடு சேர்த்துவிட்டார்கள். அப்பா போட்ட நீலத் தொப்பிக்குப் பதில் ஒரு பச்சைத் தொப்பி கொடுத்தார்கள். முட்டி வலியோடு அதைப் போட்டுக்கொண்டு இன்னும் கீப் செய்கிறேன். முதல் ஆட்டத்தன்று அவனுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். "பச்சை உங்களுக்கு நல்லாத்தான் இருக்கு," என்று பதில் வந்தது. கொஞ்சம் கழித்து, "வலிக்குதா?" என்று இன்னொன்று வந்தது. முட்டியைக் கேட்கிறான் என்றே வைத்துக்கொண்டு, கொஞ்சம் என்று எழுதினேன்.

போன டிசம்பரில் லீவுக்கு வந்தான். காதோரம் நரைத்திருந்தது. சுங்கை பாக்காப் பக்கத்தில் ஒரு தோட்டத்து மைதானத்தில், அவன் பழைய பேக்டரி ஆட்கள் ஒரு சும்மா ஆட்டத்துக்கு ஏற்பாடு செய்திருந்தார்கள். அவன் என்னைக் கேட்காமலேயே கீப்பர் என்று என் பெயரைக் கொடுத்திருந்தான்.

முதல் ஓவரில் ஒரு பந்துகூட என் கைக்கு ஒழுங்காக வரவில்லை. பந்து நான் நினைத்ததைவிட மெதுவாக வந்தது, உயரமாக மிதந்தது. இரண்டு பந்து என்னைத் தாண்டி எல்லைக்கே போயிற்று. ஓவர் முடிந்ததும் அருகில் வந்தான்.

"அங்க மண்ணு ஈரம் அண்ணே. பந்து எழும்பாது. தூக்கித் தூக்கிப் போட்டுப் பழகிட்டேன்."

"தெரியுது. நீ போடு, நான் பாத்துக்கறேன்."

அவன் போட்டான். நான் அவனை முதலிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. தோளைப் பார்த்தேன், விரலைப் பார்த்தேன், கால் விழும் இடத்தைப் பார்த்தேன். வெயில் ஏறியது, முட்டி நெருப்பாய் எரிந்தது. ஐந்தாவது ஆறாவது ஓவரில் கை கொஞ்சம் பிடிபட்டது. ஒரு பேட்ஸ்மேன் இறங்கி வந்தான், பந்து அவனைத் தாண்டியது, நான் பெயிலைத் தட்டினேன். இருவரும் ஒரே நேரத்தில் கத்தினோம். லெக் சைடில் நின்ற அம்பயர், எதிரணிக்காரர், இல்லை என்று தலையை ஆட்டிவிட்டார்.

"அவுட்டா அண்ணே?" என்றான் அவன்.

"தெரியல லா. கால் உள்ள வந்திருக்கும்போல."

அவன் பந்தை வாங்கிக்கொண்டு சிரித்தபடி திரும்பி நடந்தான். இன்னும் நான்கு ஓவர் போட்டான். விக்கெட் எதுவும் விழவில்லை.

கிளம்பும் நாளில் நான்தான் அவர்களை பாயான் லெப்பாஸ் விமான நிலையத்துக்குக் கூட்டிப்போனேன். பின்னிருக்கையில் அவன் மகன் எனக்குப் பாதி புரியாத ஆங்கிலத்தில் அம்மாவோடு பேசிக்கொண்டு வந்தான். பெட்டிகளை இறக்கியபின் அவன் காரில் சாய்ந்து நின்றான்.

"வேலையெல்லாம் முடிச்சிட்டு ஒருநாள் இங்கயே வந்துடுவேன் அண்ணே. அப்ப நாம எந்த கிளப்புக்கு ஆடறது?"

யோசித்துப் பார்த்தேன். எங்களை வைத்துக்கொள்ள எந்தக் கிளப் அப்போது மிச்சம் இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

"முதல்ல நீ வா தம்பி," என்றேன்.

பின்னால் நின்ற டாக்சிக்காரர் ஹாரன் அடித்தார். நான் காரை எடுத்தேன்.