ஒரு கூம்பும் விழாத ஓட்டம்

பள்ளிக்கூடம் கோடை விடுமுறைக்கு மூடிய மறுநாள், வாண்டா ப்ரூசாக் தான் ஓட்டும் பள்ளிப் பேருந்தின் இருக்கைகளுக்கு அடியில் ஒட்டிக்கிடந்த சூயிங்கத்தை ஒரு மழுங்கிய கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தாள். ஓட்டுநர்களே செய்யவேண்டிய வேலை அது. இருபத்தாறு வருடமாகச் செய்கிறாள். கடைசி வரிசையில் மட்டும் ஒரு டப்பா தேறும்.

கணவனின் அண்ணன் ஸ்டான் பேருந்துப் படியில் ஏறி நின்றான்.

"என்ன பஸ்ஸம்மா, என் ஷெட்ல இடம் ஒழிச்சு வச்சாச்சு. ஆகஸ்ட்ல நீ சாவியை மட்டும் எடுத்துட்டு வந்தா போதும்."

"இன்னொரு கத்தி இருக்கு. வேணுமா?" என்றாள் வாண்டா. அவன் வந்த வேகத்தில் இறங்கிப் போனான்.

சாவி என்று அவன் சொன்னது அவளுடைய 1970ஆம் வருடத்து ஷெவல் காரின் சாவியை. கரும்பச்சை நிறம், பெரிய எஞ்சின். பீட்ரூட் சர்க்கரை ஆலையில் வேலை பார்த்த சம்பளத்தில், கல்யாணத்துக்கு முன்பே, இருபத்தோராம் வயதில் அவளாக வாங்கியது. மிச்சிகனின் அந்தப் பக்கத்தில் ஆண்கள் இப்படிப்பட்ட வண்டியை நேர்ச்சாலையில் விரட்டுவதோடு திருப்திப்படுவார்கள். வாண்டாவுக்கு வளைவுதான் பிடிக்கும். ஆகஸ்ட் மாதம் சந்தை மைதானத்தில் கார்ச் சங்கத்தார் பிளாஸ்டிக் கூம்புகளை வரிசையாக வைத்து, நடுவே வளைந்து வளைந்து ஓட்டவிட்டு நேரம் பார்ப்பார்கள். ஒரு கூம்பைத் தட்டினால் இரண்டு விநாடி கூடும். போன வருடம் வாண்டா பதினொரு கூம்பைத் தட்டி, வைக்கோல் கட்டுகளில் போய் நின்றாள்.

ஈஸ்டர் விருந்தில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான் ஸ்டான். முள்கரண்டியைக் கீழே வைக்காமலே வாண்டா சொல்லிவிட்டாள், இந்த வருடம் அவனுடைய நேரத்தை முந்தாவிட்டால் வண்டி அவனுக்கு என்று. பதினெட்டுப் பேர் இருந்த மேசை. ப்ரூசாக் குடும்பத்தில் ஈஸ்டர் மேசையில் சொன்னதை யாரும் திருப்பி வாங்கியதில்லை. அவள் கணவன் காஸ் அன்றிலிருந்து வண்டிக்கொட்டகைப் பக்கம் போகும்போதெல்லாம் பெருமூச்சு விட்டான்.

வண்டியில் இருந்த ஷாக் அப்சார்பர்கள் ஸ்டான் தேர்ந்தெடுத்தவை. பந்தயச் சாமான் என்றால் கல் மாதிரி இருக்கவேண்டும் என்பது அவன் கட்சி. இருப்பதிலேயே கடினமானதை வாங்கிவந்து மாட்டிக்கொடுத்திருந்தான்.

ஷாக் அப்சார்பரைப் பற்றி வாண்டாவுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. வண்டியைத் தாங்குவது ஸ்பிரிங். ஒருமுறை அமுங்கிய ஸ்பிரிங் திரும்பத் திரும்பத் துள்ளாமல் அடக்கி, சக்கரத்தைத் தரையோடு வைப்பதுதான் இதன் வேலை. பேருந்து ரயில் கடவையைத் தாண்டும்போது கண்ணாடியில் கடைசி வரிசைத் தலைகளைப் பார்ப்பாள். தலைகள் ஒருமுறை எழும்பி அடங்கினால் சரி. மூன்று முறை எழும்பினால் பணிமனைக்குச் சொல்லிவிடுவாள்.

சூயிங்கம் சுரண்டி முடித்த அன்று மாலையே, தண்டு எவ்வளவு உள்ளே போகிறதென்று பார்க்க, ஷெவலின் பின்பக்க ஷாக்கின் தண்டில் ஒரு பிளாஸ்டிக் பட்டியை இறுக்கிக் கட்டிவிட்டு, ரயில் கடவை வரை போய்வந்தாள். குனிந்து பார்த்தால் பட்டி தண்டின் கடைக்கோடியில் நசுங்கிக் கிடந்தது. தண்டுக்கு உள்ளே போக இடமே இல்லை. ஒவ்வொரு குழியிலும் இரும்போடு இரும்பு முட்டி, சக்கரம் தரையைவிட்டு எழும்பியிருக்கிறது.

ஓஹையோவில் ஷாக் விற்கும் கடை ஒன்றுக்குத் தொலைபேசினாள். எடுத்தவர் ஸ்பிரிங், டயர், எடை எல்லாம் விசாரித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

"அளவு எடுத்தப்ப வண்டி தரையில நின்னுச்சா, தூக்கி வச்சிருந்துச்சா?"

வாண்டா கண்ணை மூடினாள். ஸ்டான் வண்டியைத் தூக்கிவைத்து, சக்கரம் தொங்கத் தொங்க அளந்தது நன்றாக நினைவிருந்தது. தொங்கும் நீளத்துக்கு வாங்கிய ஷாக், வண்டி தரையில் இறங்கியதுமே முக்கால்வாசி அமுங்கிவிடும். பக்கத்தில் நின்று விளக்குப் பிடித்தவள் அவள்தான்.

மறுநாள் வண்டியைத் தரையில் நிறுத்தி, தொட்டி நிறைய பெட்ரோல் ஊற்றி, அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள். தன் எடைக்கு ஓட்டுநர் இருக்கையில் தலா நாற்பது பவுண்டு உப்பு மூட்டைகளை அடுக்கச் சொன்னாள். காஸ் நான்கு மூட்டை வைத்துவிட்டு நின்றான்.

"அஞ்சு வை. பொய் சொன்னா வண்டிக்குத் தெரிஞ்சிரும்," என்று அடியிலிருந்து குரல் வந்தது.

ஐந்தாவது மூட்டையையும் வைத்துவிட்டு, ஸ்டானிடம் இதைச் சொல்லப்போகிறாயா என்று காஸ் கேட்டான். ஆகஸ்ட் கழியட்டும் என்றாள்.

அளவுக்குப் பொருந்திய மூன்று வகைகளைக் கடைக்காரர் சொன்னார். மலிவானது நேராகப் போக மட்டும் ஆகும். விலை கூடியது வழவழப்பான பந்தயத்தளத்துக்கு. நடுவில் இருந்ததைத்தான் வாண்டா கேட்டாள்: உடல் குட்டை, உள்ளே வாயு அடைத்தது, பக்கத்தில் கடினத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு குமிழ். மைதானத்துத் தார் வருடா வருடம் ஒட்டுப்போட்டது. அதற்குக் கல் உதவாது என்று அவளுக்குத் தெரியும்.

ஜூலை முழுக்க விடியற்காலையில் அதே ரயில் கடவை. குமிழை எட்டில் வைத்தால் வண்டியின் வால் பக்கவாட்டில் தத்தியது. மூன்றில் வைத்தால் படகு போல ஆடியது. கடைசியில் பின்னால் ஐந்து, முன்னால் ஏழு. வால் ஒருமுறை எழும்பி அடங்கியது. அன்று வீட்டுக்கு வந்து நான்கு முட்டை உடைத்து ஊற்றிச் சாப்பிட்டாள்.

போட்டியன்று ஸ்டான் முதலில் ஓட்டினான். அறுபத்தோரு விநாடி, ஒரு கூம்பு, ஆக அறுபத்து மூன்று. கைதட்டலுக்குக் குனிந்து வணங்கினான்.

வாண்டா பேருந்து ஓட்டுவது போலவே முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து புறப்பட்டாள். வைக்கோல் கட்டுகளுக்குப் பக்கத்து வளைவில், தார் வெடித்த இடத்தில், வண்டி குனிந்தது, அமுங்கியது, அப்படியே தரையைக் கவ்விக்கொண்டு திரும்பியது. வேலியோரம் நின்ற காஸ் முழங்கால் வலியை மறந்து நாற்காலி மேல் ஏறிவிட்டான். கடைசிக் கூம்புக்கும் கதவுக்கும் நடுவே ஒரு கை அகலம். ஐம்பத்தொன்பது விநாடி. கூம்பு ஒன்றுகூட விழவில்லை. ஒலிபெருக்கிக்காரர் நேரத்தை இரண்டுதரம் வாசித்தார். வாண்டா வண்டியைவிட்டு இறங்காமல் இன்னொரு சுற்று, மெதுவாக, எல்லாரும் பார்க்கும்படி போய்வந்தாள்.

அன்றைக்கு முழுக் குடும்பமும் அவள் வீட்டில். அடுப்பில் வெங்காயம் வதங்கிக்கொண்டிருந்தது. வாண்டா பியரோகி என்ற போலந்துக் கொழுக்கட்டைகளை வெந்நீரிலிருந்து அள்ளி வெண்ணெயில் போட்டுக்கொண்டிருந்தாள். தொங்கவிட்டு அளந்த கதையை அதற்குள் காஸ் எல்லாரிடமும் சொல்லி முடித்திருந்தான். ஸ்டான் பீர் பாட்டிலோடு சமையலறைக்குள் வந்து, குளிர்பெட்டியில் சாய்ந்து, கொஞ்ச நேரம் பாட்டிலின் காகிதத்தை உரித்துக்கொண்டிருந்தான்.

"தூக்கி வச்சு அளந்தது என் தப்புதான்," என்றான். "சரி, அந்தக் குமிழைப் பின்னால எத்தனையில வச்சே? சும்மா தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன், வாண்டா."

வாண்டா பியரோகித் தட்டின் மேல் வதங்கிய வெங்காயத்தைக் கொட்டினாள். துணியால் விளிம்பைத் துடைத்தாள். தட்டை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, முழங்கையால் வலைக்கதவைத் தள்ளி, எல்லாரும் உட்கார்ந்திருந்த புல்வெளிக்கு இறங்கிப் போனாள்.