கரையேறிய படகின் எஞ்சின்

எஞ்சின் சக்கரத்தின்மேல் யாரோ காயப்போட்டிருக்கும் ஈரத்துண்டை எடுத்து எறிந்த பிறகே படகுக்காரர் மாது கைப்பிடியைச் செருகுகிறார். யாருடையது என்று கேட்பதில்லை. கேட்டுப் பார்த்த காலமும் உண்டு. சிறிது எண்ணெய் விட்டு, மூச்சைப் பிடித்து, சக்கரத்தை மெல்லச் சுற்றுகிறார். உள்ளே பிஸ்டன் ஏறி இறங்கும் ஓசை கேட்டதும், "இருக்குது" என்று தமக்குள் சொல்லிக்கொள்கிறார்.

பென்னாகரத்துப் பேருந்து வந்து திரும்பும் படகுத்துறையில், சிமென்ட் மேடைமேல் நிற்கிறது அந்தப் பழைய பயணியர் படகு. புதுப்படகு வந்ததும் ஊராட்சி இதைக் கரையேற்றி, பக்கத்தில் ஒரு நங்கூரத்தையும் சாய்த்து, காட்சிப்பொருளாக்கியது. தண்ணீரில் இதை ஓட்டிய மாதுவையே கரையில் இதற்குக் காவலாகவும் வைத்தது.

பெயர்ப்பலகை அவருடைய தீராத மனக்குறை. 'வெள்ளையர் காலக் கப்பல்' என்கிறது அது. "சேலத்துல இருந்து லாரில வந்தப்ப எறக்குனதே நாந்தானுங்க. நான் என்ன வெள்ளக்காரனுங்களா?" படகு வாங்கிய ரசீதின் நகலை ஊராட்சியில் கொடுத்தார். பலகையைத் திருத்தவில்லை, அது இரவிலும் தெரியும்படி விளக்கு மாட்டினார்கள்.

விழா வந்தால் பெயின்ட் வரும். எண்ணெய் விடும் துளையையும் சேர்த்தே பூசிவிட்டுப் போவார்கள்; ஊசியால் தோண்டி எடுப்பது மாதுவின் பாடு. மேடையருகே மீன் வறுத்து விற்கும் மனைவி சாலம்மாளுக்கு அதில் வேறு வழக்கு. "வூட்டுல தையல் மெசினு துருப்புடிச்சுக் கெடக்குது. இங்க ஓடாத படகுக்குத் தெனமும் அபிசேகம்."

"சுத்துற வரைக்குந்தாண்டி அது எஞ்சினு. இறுகிப்போச்சுன்னா பழைய இரும்பு."

சென்ற வாரம் மாது சுற்றிக்கொண்டிருந்த சக்கரத்தில் ஒரு பெண்ணின் துப்பட்டா சிக்கியது. காயமில்லை. ஆயினும் சக்கரம் இனி அசையாதபடி பற்றவைத்துவிட ஊராட்சி முடிவு செய்தது. சுற்றிலும் கம்பிவேலி போட்டால் போதும் என்று மாது எழுதிக்கொடுத்தார்.

"வேலி போட்டா போட்டோல படகு சரியா உழாதுங்கண்ணா" என்றார் ஊராட்சிச் செயலர் அன்பரசி.

"அப்ப போட்டோவயே மேடைல வெச்சிருக்கலாமுங்களே மேடம்."

அன்பரசி சிரித்தார்; சிரித்துக்கொண்டே வெல்டருக்குப் போன் செய்தார்.

வெல்டர் இளம்பரிதி கருவிகளோடு வந்து இறங்கியபோது மாது மறிக்கவில்லை. விலகிப் போகவும் இல்லை. "செத்த இரு தம்பி" என்று கைப்பிடியைச் செருகினார்.

"சக்கரம் எப்புடி நின்னாலும் ஒட்டத்தானுங்கண்ணா போறேன்."

"வால்வு தொறந்து நின்னா மழத்தண்ணி உள்ள எறங்கும். பிஸ்டன் புடிச்சுக்கும்."

"ஒட்டுனதுக்கப்புறம் புடிச்சா என்ன, புடிக்காட்டி என்னங்க?"

"நீ ஒட்டுறத எவனாச்சும் ஒருநாளு அறுப்பான்."

எஞ்சினில் காதை வைத்துக்கொண்டு, சக்கரத்தை அங்குலம் அங்குலமாக நகர்த்தினார். வால்வுகள் இரண்டும் மூடும் இடம் வந்ததும் நிறுத்தி, கைப்பிடியை உருவிச் சாலம்மாளிடம் நீட்டினார். அவள் அதை மடியில் வாங்கிக்கொண்டாள். பிறகு மாது, சக்கரம் பின்வாங்காதபடி இரு கைகளாலும் இறுகப் பற்றி, முகத்தை மட்டும் ஆற்றுப்பக்கம் திருப்பிக்கொண்டார். வெல்டிங் பொறி முழங்கைவரை தெறித்தது. கையை எடுக்கவில்லை.