கழிவறை வாசல் வரை நீண்ட கம்பி

புது ஷெட்டில் பெண்கள் கழிவறை வாசலில் அட்டை தேய்க்கும் பெட்டியை மாட்டியது நானில்லை. ஒப்பந்தக்காரரின் ஆள் ஒருவன் டிரில் மெஷினோடு வந்து மாட்டிவிட்டுப் போனான். ஆனால் அந்தப் பெட்டி பேசியது நான் திறந்துவிட்ட வழியில்தான். கையைக் கழுவிக்கொள்வதற்காக இதை எழுதவில்லை. அந்தக் கறை கழுவினாலும் போகாது.

ஒரகடம் சாலையில், கார்களுக்கு ஒயர் கட்டுகள் செய்யும் கம்பெனி அது. சாலைக்கு இந்தப் பக்கம் பழைய கட்டடம். அலுவலகமும் கம்ப்யூட்டர் அறையும் அதில்தான். அந்தப் பக்கம் புது ஷெட். சாலையைத் தோண்டி நல்ல கேபிள் போட அனுமதி கிடைக்கவில்லை. எப்போதோ டெலிபோனுக்கு இழுத்த ஒரு ஜோடி செம்புக் கம்பி மட்டும் குறுக்கே தொங்கியது. இரண்டு முனையிலும் மோடம் வைத்து, புது ஷெட்டின் உற்பத்தி எண்ணிக்கை, வருகைப் பதிவு எல்லாவற்றையும் அந்த ஒரே ஜோடிக் கம்பியில் திணித்தார்கள். ஷிப்ட் மாறும் நேரத்தில் அது மூச்சுத் திணறும்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். பாலிடெக்னிக் முடித்து இரண்டாவது வருடம், அந்தக் கம்ப்யூட்டர் அறையில் வேலை. மோடத்தோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தை யாரும் பிரித்திருக்கவில்லை. கம்பெனி பஸ்ஸில் போகவர அகராதியோடு உட்கார்ந்து படித்தேன். தலைப்பைச் சுருக்குவது என்று ஒரு பகுதி இருந்தது.

கம்பியில் போகும் ஒவ்வொரு செய்தியின் தலையிலும் ஒரு முகவரிச் சீட்டு இருக்கும். எங்கிருந்து, எங்கே, எந்த வகை, எவ்வளவு நீளம் என்று. அட்டை எண்ணும் நேரமும் சேர்ந்தால் பன்னிரண்டு எழுத்துதான். சீட்டோ இருபத்தெட்டு எழுத்து. தலையை விடத் தலைப்பாகை பெரிது. அதுவும் ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய அதே சீட்டு. முதல் தடவை முழுதாகச் சொல்லிவிட்டு, அப்புறம் ஓர் அடையாள எண்ணை மட்டும் அனுப்பினால் போதும். மறுமுனை தன் நினைவிலிருந்து மீதியை நிரப்பிக்கொள்ளும். பென்னலூர் டீக்கடையில் முதல் நாள்தான் ஸ்ட்ராங்காக, சர்க்கரை கம்மியாக என்று சொன்னேன். மறுநாளிலிருந்து ஒரு விரல் காட்டினால் டீ வந்தது.

கடையில் ஆள் மாறிவிட்டால் விரல் வெறும் விரல்தான். மறுமுனை நினைவை இழந்துவிட்டாலும் அப்படித்தான். வருகிற செய்தி யாருடையது என்று தெரியாமல், சத்தமில்லாமல் தூக்கிப் போட்டுவிடும். அதனால் நடுநடுவே முழுச் சீட்டையும் அனுப்ப வேண்டும் என்று புத்தகத்தில் எச்சரித்திருந்தார்கள். எத்தனைக்கு ஒன்று என்பது நம் விருப்பம். நான் இருநூறுக்கு ஒன்று என்று வைத்தேன். இன்னும் கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாமே என்ற ஆசை. படித்தவன் என்றால் மிச்சம் பிடிக்கத் தெரிந்தவன் என்று நினைத்திருந்தேன்.

கம்பி காலியானது. ஆட்களின் வேலை, விடுப்பு பார்க்கும் பர்சனல் அதிகாரி என்னை அறைக்குக் கூப்பிட்டு முதுகில் தட்டினார். இப்போது கம்பியில் இடம் இருக்கிறதா என்று கேட்டார். நிறைய இருக்கிறது சார் என்று பெருமையாகச் சொன்னேன். இரண்டே வாரத்தில் கழிவறை வாசல்களில் பெட்டி வந்துவிட்டது. உள்ளே போகும்போது ஒரு தேய்ப்பு, வெளியே வரும்போது ஒரு தேய்ப்பு. ஏழு நிமிடம்தான் கணக்கு. தாண்டியவர்களின் அட்டை எண், தேதி, நிமிடம் எல்லாம் போட்டு, சனிக்கிழமைதோறும் கேண்டீனில் கைகழுவும் குழாய்க்கு மேலே தாள் ஒட்டினார்கள். ஆண்கள் பல் குத்திக்கொண்டே நின்று அதைப் படித்தார்கள். சாம்பார் வழிந்த விரலால் ஒவ்வொரு எண்ணாகத் தொட்டு, இது யாருடையது என்று கேட்டுக்கொண்டார்கள்.

சாத்தூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி எங்கள் பஸ்ஸில் வருவாள். பயிற்சித் தொழிலாளி, இன்னும் இரண்டு மாதத்தில் நிரந்தரம் ஆக வேண்டியவள். ஒரு சனிக்கிழமை அவள் எண்ணுக்கு நேராக நாற்பத்து மூன்று என்று இருந்தது. அவளுடைய லைன் சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும், "நாப்பத்திமூணு நிமிசமா உள்ள இன்னா பண்ணிக்கினு இருந்தே? புள்ளையா பெத்தே?" என்று கேட்டானாம். லைனே சிரித்ததாம். கையில் எச்சரிக்கைக் கடிதமும் கொடுத்துவிட்டார்கள். இன்னொன்று வந்தால் நிரந்தரம் கிடையாது.

சாயங்காலம் பஸ்ஸில் என் சீட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அண்ணே, கம்ப்யூட்டர் ரூம்ல நீங்கதான? நான் நாலு நிமிசத்துல வந்துட்டேன். தேச்சேன், பச்ச லைட்டும் எரிஞ்சுச்சு. பெறகு எப்படிண்ணே நாப்பத்திமூணு?"

அந்தப் பச்சை விளக்கு, செய்தி கிளம்பியதற்குத்தான் எரியும். போய்ச் சேர்ந்ததற்கு அல்ல. திங்கட்கிழமை மோடத்தின் பதிவைப் பார்த்தேன். அவள் உள்ளே இருந்த நேரத்தில் ஷெட்டில் பெரிய வெல்டிங் மெஷினைப் போட்டிருக்கிறார்கள். கம்பி ஒரு கணம் அறுந்து ஒட்டியிருக்கிறது. மறுமுனை எல்லாவற்றையும் மறந்துவிட்டது. அடுத்த முழுச் சீட்டு வரும் வரை வந்ததையெல்லாம் குப்பையில் போட்டிருக்கிறது. அவள் வெளியே வந்த செய்தியும் அந்தக் குப்பையில்தான். வேறெங்கோ அவள் மறுபடி அட்டை தேய்க்கும் வரை, கணக்குப்படி அவள் கழிவறைக்குள்ளேயே இருந்தாள். எல்லாம் என் இருநூறால் வந்தது.

அதிகாரியிடம் போனேன். அந்தப் பட்டியலின் மேலேயே போண்டா வைத்துத் தின்றுகொண்டிருந்தார். எண்களின் மேல் எண்ணெய் பரவியிருந்தது. மெஷின் பொய் சொல்லாது, அந்தப் பெண்ணுக்காகச் சாக்குச் சொல்லிக்கொண்டு வராதே என்றார். அவளை எனக்கு எப்படிப் பழக்கம் என்றும் ஒரு மாதிரி கேட்டார்.

அடுத்த நாள் வெல்டிங் தொடங்கும் நேரம் பார்த்து புது ஷெட்டின் ஆண்கள் கழிவறைக்கு அட்டை தேய்த்துப் போனேன். அடைத்துக்கொண்ட பேசின், அதில் மிதந்த பீடித் துண்டுகள், தண்ணீர் வராத குழாய். ஏழு நிமிடம் யாராவது விரும்பி இருக்கும் இடமா அது? மூக்கைப் பிடித்துக்கொண்டு, வெல்டிங் சத்தம் கேட்டதும் வெளியே வந்து தேய்த்தேன். பச்சை எரிந்தது. சாலையைத் தாண்டி, ஒரு தாளை நீட்டிக் கையெழுத்து வாங்குகிற சாக்கில் அதிகாரி அறையில் இருபது நிமிடம் நின்றேன். பிறகு, நான் இப்போது எங்கே இருக்கிறேன் என்று திரையில் பார்க்கச் சொன்னேன்.

பார்த்தார். கழிவறையில் இருந்தேன்.

"அப்ப என் முன்னாடி நிக்கிறது யாருபா, உன் ஆவியா?" என்று வயிறு குலுங்கச் சிரித்தார். அந்த நாற்பத்து மூன்றைப் பேனாவால் அடித்து, எச்சரிக்கைக் கடிதத்தைத் திரும்ப வாங்கச் சொல்லிவிட்டு, இனி ஒரு தப்பும் வராதபடி சரிசெய் என்றார்.

செய்தேன். ஐந்துக்கு ஒன்று முழுச் சீட்டு. வந்து சேர்ந்ததை மறுமுனை சொன்ன பிறகுதான் பச்சை எரியும்படி மாற்றச் சொல்லிப் பெட்டிக்காரர்களோடு சண்டை பிடித்தேன். ஒரு செய்திகூடத் தவறவில்லை. அந்தப் பெண் ஊரிலிருந்து வந்த சேவு ஒரு பொட்டலம் கொடுத்தாள். என் படிப்பு ஒருத்திக்கு உதவியது என்று அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமைத் தாளில் அவள் எண் மூன்று முறை இருந்தது. பதினொன்று, பன்னிரண்டு, பதினொன்று. அடுத்தடுத்த மூன்று நாட்கள். மற்ற நாட்களில் அவள் பெயருக்கு ஒன்றுமில்லை. அந்த மூன்று தேதிகளைப் பார்த்த யாருக்கும் அவை என்ன நாட்கள் என்று புரியும். புரிந்துகொண்டு நின்றார்கள், ஈரக் கையோடு. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. சூப்பர்வைசர் மட்டும், அடுத்த மாதமும் இதே தேதிதானா என்று குறித்து வைக்கப்போவதாகச் சொன்னான்.

அதிகாரியிடம் மறுபடி போனேன். பெண்கள் விஷயம் சார் என்பதற்கு மேல் வாய் வரவில்லை.

"இப்ப கணக்கு கரெக்டா கீதா இல்லியா, அத்தச் சொல்லு. நீதான சரி பண்ணே?"

"கரெக்ட்தான் சார்" என்றேன்.

அந்த மூன்று பதிவுகளைக் காட்டி அவளுக்கு நிரந்தரம் கொடுக்கவில்லை. கடைசி நாள் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது நான்தான் பக்கத்தில் போனேன். அதிகாரியிடம் நேரில் போய் விஷயத்தைச் சொல்லிப் பார்த்திருக்கலாமே என்று உளறினேன்.

"நாப்பத்திமூணுன்னு போட்டப்ப பொய்யின்னு சொன்னேன். இத என்னன்னுண்ணே போய் சொல்ல, அந்த ஆளுகிட்ட?"

பஸ் வந்தது. ஏறிப் பெண்கள் பக்கம் உட்கார்ந்துகொண்டாள்.

திங்கட்கிழமை போனதும் ஐந்தை மறுபடி இருநூறாக்கினேன். பச்சை விளக்கையும் பழையபடி பொய் சொல்ல விட்டேன். அந்த வாரமே தாளில் ஐம்பது, அறுபது என்று கண்டபடி நிமிடங்கள் வந்தன. சூப்பர்வைசருக்கே முப்பத்தெட்டு. அதிகாரி கூப்பிட்டுக் கேட்டபோது, கம்பி பழசு சார் என்றேன். பட்டியல் நின்றுவிடும் என்று நம்பினேன்.

நிற்கவில்லை. சூப்பர்வைசர்களின் எண்ணை மட்டும் அடித்துவிட்டு மீதியை அப்படியே ஒட்டினார். சரியோ தப்போ, ஒட்டுவதற்கு அவருக்கு ஒரு தாள் வேண்டியிருந்தது. வேறு வேலை கிடைக்கும் வரை நான் அந்தக் குழாய்ப் பக்கம் போகவில்லை. சாப்பிட்ட கையை டிபன் டப்பாவிலேயே கழுவிக்கொண்டேன்.