செல்லம்மாள் பாடிய உவமை

அடுத்த அறையில் சிரிப்பு வெடித்தது. நலங்குக்குச் சந்தனம் அரைத்துக்கொண்டிருந்த செல்லம்மாளின் கை கல்லின்மேல் அப்படியே நின்றுவிட்டது.

பதினெட்டு வருஷமாக, ஆம்பூரில் அந்தத் தெருவில் எந்தக் கல்யாணம் நடந்தாலும் நலங்கின் முதல் பாட்டு அவளுடையது. மூன்று நாள் நலங்கில் யாருடைய பாட்டு எடுபடுகிறதோ, அவளுக்குத்தான் பெண் வீட்டார் முதல் தாம்பூலம் கொடுப்பார்கள். அதுவும் ஒரு தடவைகூட அவளை விட்டுப் போனதில்லை. அவள் கணவர் கோதண்டபாணி பள்ளிக்கூடத்துத் தமிழ் வாத்தியார். வீட்டுக்கு வரும் பிள்ளைகளுக்கு அவர் அணி இலக்கணம் சொல்லும்போது அடுப்படியில் இருந்தபடியே கேட்டுக் கற்றவள் அவள். முகத்துக்கு நிலா, இடைக்குக் கொடி, கண்ணுக்குக் கெண்டை. குழந்தை இல்லாத அவளுக்கு அந்தத் தாம்பூலத் தட்டே குழந்தை. இதைத்தான் வாத்தியார் உருவகம் என்பார்.

இன்று சம்பத் மேஸ்திரியின் மகள் கமலத்துக்கு முதல் நாள் நலங்கு. செல்லம்மாள் உள்ளே இருந்த நேரம் பார்த்து யாரோ, “தனகோடி, நீ ஒண்ணு எடுத்து வுடேன்!” என்றிருக்கிறார்கள். தனகோடி தோல் பதனிடும் ஷாப்பில் ஆவாரம்பட்டை இடிக்கும் கூலிக்காரி. உலக்கை பிடித்த குரலில் அவள் மறுபடியும் பாடினாள்.

“பட்டை இடிக்கும் உலக்கையம்மா மாமியார் வாயி - அது
நின்னாத்தான் கேக்குமம்மா ஊருச் சத்தம்!”

மாப்பிள்ளையின் தாயாரே கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். செல்லம்மாள் கதவிடுக்கில் பார்த்தபடி சந்தனத்தை அழுத்தி அரைத்தாள். பின்னால் அவள் வந்து நிலா முகத்தைப் பாடியபோது ஒருத்தி கொட்டாவி விட்டாள். இன்னொருத்தி தண்ணீர் குடிக்க எழுந்து போனாள்.

வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் பொரிந்தாள். “உலக்கையாம், உலக்கை! இதெல்லாம் ஒரு உவமையா?”

“நல்ல உவமைதான்டி. ரெண்டு பொருளுக்கும் பொதுவா ஒண்ணு இருக்கணும். கேக்கறவனுக்கு அது சட்டுனு புரியணும். ஓயாத சத்தம், புரிஞ்சிச்சா இல்லியா?”

“அப்ப என்னோட நிலா?”

“நிலாவை எல்லாரும் பாத்தாச்சே, செல்லம்.”

அன்று அவருக்கு இரண்டாம் முறை ரசம் கிடைக்கவில்லை.

மறுநாள் அவள் நலங்குக்குப் போகவில்லை. சோறும் இறங்கவில்லை. கொல்லைச் சுவரோரம் நின்று அடுத்த வீட்டு பில்கிஸைக் கூப்பிட்டாள். பில்கிஸின் கணவர் நிசார் அஹமது தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டிக்கு மேஸ்திரி.

“பில்கிஸ், சுண்ணாம்புல ஊறின தோலு எப்படி இருக்கும்?”

“பால் மாதிரி வெளுப்பா வருமாம் அக்கா. அவுரு சொல்வாரு. ஏன், நீங்களும் ஷாப்பு வெக்கப் போறீங்களா?”

செல்லம்மாள் சிரிக்கவில்லை. பில்கிஸ் கோஷாவில் இருப்பவள், தெருமுனையைத் தாண்டியதில்லை. செல்லம்மாளோ ஷாப்பு வழியே போனால் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுகிறவள். பேசியவளும் கேட்டவளும் அந்தத் தொட்டியைக் கண்ணால் கண்டதில்லை!

மூன்றாம் நாள், கூடம் நிறைந்திருந்தது. செல்லம்மாள் தலை நிமிர்ந்து, தனகோடியைப் பார்த்துக்கொண்டே பாடினாள்.

“சுண்ணாம்புத் தொட்டியிலே ஊறி எழுந்த
வெள்ளைத் தோலா மின்னுறாளே எங்க கமலம்!”

ஒருவரும் சிரிக்கவில்லை. அங்கே இருந்தவர்கள் எல்லோரும் தோல் ஷாப்பில் பிழைக்கும் குடும்பத்தார். தொட்டியிலிருந்து வரும் தோல் எப்படி ஊதியிருக்கும், எப்படி மயிர் கழன்று கொழகொழவென்று நாறும் என்று அறியாதவர்கள் யார்?

மாப்பிள்ளையின் அத்தை எழுந்துவிட்டாள். “எங்க வூட்டுக்கு வர்ற பொண்ணு ஊதிப்போனவளா, மயிரு கொட்டினவளா? இன்னாம்மா பாட்டு இது?”

கமலத்தின் கண்ணில் நீர் முட்டியது. அதைப் பார்த்த பிறகுதான் செல்லம்மாளுக்குத் தான் என்ன பாடினோம் என்பது உறைத்தது. தரை பிளந்து தன்னை விழுங்காதா என்று நின்றாள்.

அப்போது அதே மெட்டில் தனகோடியின் குரல் எழுந்தது.

“தொட்டி விட்ட தோலுக்காகப் பட்டத்தண்ணி காத்திருக்கு
பட்டத்தண்ணி மாப்பிள்ளைதான், முங்கி வந்தா பொன்னாவா!”

கூடமே அதிர்ந்தது. ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஊறிய பிறகுதானே தோலுக்குப் பொன்னிறம்! அத்தைதான் எல்லோரையும் விடப் பலமாகக் கைதட்டினாள். கமலம் கண்ணீரோடு சிரித்தாள். முதல் தாம்பூலம் தனகோடிக்குப் போயிற்று.

தோற்கடித்தவளை மன்னித்துவிடலாம். கைதூக்கிக் காப்பாற்றியவளை எப்படி மன்னிப்பது?

மறுநாள் காலையில் கதவு தட்டப்பட்டது. வாசலில் தனகோடி, கையில் அந்தத் தட்டோடு நின்றாள்.

“அம்மா, மொத அடி உங்களுது. நான் வாலைப் புடிச்சிக்கினு வந்தேன், அவ்ளோதான். தட்டு உங்களுக்குத்தான்.”

“பிச்சை போட வந்தியா?”

“ஐயய்ய! இன்னாம்மா பேச்சு இது?”

உள்ளே வா என்று செல்லம்மாள் சொல்லவில்லை. ஆனால் ராத்திரி முழுதும் தின்றுகொண்டிருந்த கேள்வி வாயை மீறி வந்துவிட்டது. “பட்டத்தண்ணி... அந்த நேரத்துல உனக்கு எப்படித் தோணிச்சு?”

தனகோடி தட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, ஒரு உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். ரேகையெல்லாம், நகக்கண்ணெல்லாம் பழுப்பும் பொன்னுமாகக் கறை ஏறிக் கிடந்தது.

“எத்தினி தேச்சாலும் போவாது. தெனம் சோத்தைப் பெசையறப்போ இதத்தான் பாக்கறேன். தோணாம இன்னா செய்யும்?”

செல்லம்மாள் தன் கையைப் பார்த்தாள். வெளுத்த, சந்தனம் மணக்கும் கை. அடுத்தவள் கழுத்துச் சங்கிலியைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறாள். அடுத்தவள் இடுப்புக் குழந்தையைப் பார்த்து ஏங்கியிருக்கிறாள். ஒரு கறையைப் பார்த்து நெஞ்சு வேகிறது இதுதான் முதல் தடவை!

“தட்டை எடுத்துக்கினு போ. அது உன்னுது.”

குரலில் அன்பு இல்லை. பொய்யும் இல்லை.

தனகோடி தட்டை இடுப்பிலிருந்து எடுத்துக் கையில் ஏந்தினாள். பிறகு தட்டோடு படியிறங்கினாள். செல்லம்மாள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.