இரவு மூச்சும் பகல் மூச்சும்

எங்கள் ஊர் சியெனாகாவிலிருந்து பர்ரன்கியாவுக்குப் போகும் பேருந்தை இருபத்தாறு வருடம் ஓட்டியவர் எலியேசர் பெர்துஸ். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் சதுப்பு, நடுவில் கோடு போட்ட மாதிரி நேர்ச்சாலை. போன அக்டோபரில், காலை பத்து மணி வெயிலில், நாற்பது பேரை ஏற்றிக்கொண்டு போகும்போது, ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே மனிதர் தூங்கிவிட்டார். சுங்கச்சாவடிக்கு முன்னால் வைத்திருந்த பிளாஸ்டிக் கூம்புகளில் நான்கைச் சாய்த்த பிறகுதான் கண் விழித்தார். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஆனாலும் அன்றைக்கே சாவியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

சாந்தா மார்த்தா நகரத்து ஆஸ்பத்திரியில் ஓர் இரவு உடம்பெல்லாம் ஒயர் ஒட்டிப் படுக்க வைத்துப் பார்த்தார்கள். மணிக்கு முப்பத்து நான்கு முறை மூச்சு நிற்கிறது என்று தெரிந்தது. ஒவ்வொரு முறை நிற்கும்போதும் மூளை பதறி எழுப்பிவிடுகிறதாம். இரவு முழுக்க இப்படி எழுந்து எழுந்து விழுந்தால், பகலில் ஆள் எப்படி நிற்பார்? பேருந்து நிறுவனத்து டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். மூன்று மாதம் இயந்திரம் வைத்துத் தூங்க வேண்டும். மூச்சு சீராகிவிட்டது என்று இயந்திரமே கணக்கு காட்டினால் பேருந்து. காட்டாவிட்டால் பணிமனையில் வண்டி கழுவும் வேலை, ஓய்வு பெறும் வரைக்கும்.

எலியேசருக்குப் பேருந்து இல்லாமல் இருக்கத் தெரியாது. வீட்டில் சும்மா இருந்த நாட்களில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, போகிற வருகிற வண்டியின் கியர் சத்தத்தைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார். எதிர்ச்சாரியில் மருந்துக்கடை வைத்திருக்கும் எனக்குத்தான் அதையெல்லாம் கேட்கும் பாக்கியம். என் பெயர் ஒடாலிஸ்.

இயந்திரம் ஜனவரியில் வந்தது. செருப்புப் பெட்டி அளவு. அதிலிருந்து ஒரு நீளக் குழாய், குழாயின் நுனியில் மூக்கை மூடும் ரப்பர் மாதிரியான கவசம். காப்பீட்டு நிறுவனம் இரவலாகக் கொடுத்தது. அங்கிருந்து யுரானிஸ் என்ற பெண் வந்து சொல்லிக் கொடுத்தாள். கவசத்தைத் தினமும் காலையில் குழந்தை சோப்பில் கழுவ வேண்டும். குழாயை வாரம் ஒருமுறை அலசி நிழலில் தொங்கவிட வேண்டும். காற்று நுழையும் இடத்திலுள்ள பஞ்சு வடிகட்டியை மாற்ற வேண்டும். எங்கள் ஊர்க் காற்றில் உப்பும் தூசியும் அதிகம், பதினைந்து நாளில் கறுத்துவிடும். மூச்சுக் காற்றை ஈரமாக்கும் தொட்டியில் குழாய்த் தண்ணீர் கூடாது, காய்ச்சி வடித்த தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். அந்தத் தண்ணீரை என் கடையில்தான் வாங்கினார்கள். எத்தனை மணி நேரம் தூங்கினார், எத்தனை முறை மூச்சு நின்றது என்பதெல்லாம் இயந்திரத்துக்குள் நகம் அளவு அட்டை ஒன்றில் பதிவாகும். மூன்று மாதம் கழித்து வந்து அதைப் படிப்பேன் என்று சொல்லிவிட்டு அவள் போனாள்.

முதல் வாரம் தெருவே சிரித்தது. "தும்பிக்கை முளைச்சிருச்சாமே?" என்று கேட்டார்கள். எலியேசரும் சளைக்கவில்லை. "ஆமா, உங்க வீட்டு வாழைத்தோப்புக்குத்தான் வரப்போறேன்" என்றார். இரண்டாவது வாரம் அவர் மனைவி நூரிஸ் கடைக்கு வந்தாள். "அக்கா, இருபது வருஷத்துல முதல் தடவையா முழு ராத்திரி தூங்கினேன்" என்று சொல்லும்போது அழுதேவிட்டாள்.

தப்பு செய்தவளும் இந்த நூரிஸ்தான். எங்கள் தெருவில் எந்தப் பொருளும் சும்மா இருக்கக் கூடாது. ஒரு பெரிய குக்கர் ஐந்து வீட்டுக்கு. ஓர் ஏணி தெரு முழுவதற்கும். செத்துப்போன ஒருவரின் சக்கர நாற்காலி இதுவரை ஏழு பேரைச் சுமந்துவிட்டது. பொருள் ஒரு வீட்டில் முடங்கிக் கிடந்தால் அந்த வீட்டுக்காரிக்குக் கஞ்சப் பட்டம்தான். இயந்திரமோ காலை ஆறு மணியிலிருந்து இரவு பத்து வரை அலமாரி மேல் சும்மா கிடந்தது. மதில் சுவருக்கு அந்தப் பக்கம் வில்ஃப்ரீதோ கமார்கோ இருந்தார்.

வில்ஃப்ரீதோ வாழைத்தார்க் கிடங்கில் இரவுக் காவல்காரர். காலையில் வந்து, பச்சை வாழைக்காயை வேகவைத்து மசித்துப் பாலாடைக்கட்டி தூவி ஒரு தட்டு தின்றுவிட்டுப் படுப்பார். அவர் விடும் குறட்டையில் தகரக் கூரை அதிரும். பிறகு திடீரென்று நிற்கும். அவர் மகளுக்கு ஞானஸ்நானத்தின்போது ஞானத்தகப்பனாக நின்றவர் எலியேசர். அன்றிலிருந்து இரண்டு ஆண்களும் ஒருவரையொருவர் கொம்பாத்ரே என்றும், நூரிஸை வில்ஃப்ரீதோ கொமாத்ரே என்றும்தான் கூப்பிடுவார்கள். அந்த உறவில் கேட்டால் இல்லையென்று சொல்ல முடியாது. இங்கே கேட்கக்கூட இல்லை, நூரிஸே கொண்டுபோய்க் கொடுத்தாள். பெட்டியில் வந்த பெரிய அளவுக் கவசம் உபரியாக இருந்தது, அது வில்ஃப்ரீதோவுக்குப் பொருந்திவிட்டது. காலை ஏழு மணிக்கு இயந்திரம் மதிலைத் தாண்டும், மதியம் இரண்டு மணிக்குத் திரும்பி வரும். எலியேசரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். குக்கர் போவதைப் பார்ப்பது மாதிரி.

பத்து நாளைக்கு வர வேண்டிய தண்ணீரை ஐந்து நாளுக்கு ஒருமுறை வாங்கினாள் நூரிஸ். எனக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும். நான் கேட்கவில்லை.

ஏப்ரலில் யுரானிஸ் வந்தாள். என் கடையில் ஏசி இருப்பதால் இந்தப் பகுதி இயந்திரங்களை எல்லாம் அங்கேயே வைத்துப் பார்ப்பாள். எலியேசர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். நூரிஸ் பக்கத்தில். இயந்திரம் அப்போதுதான் வில்ஃப்ரீதோவின் கட்டிலிலிருந்து எழுந்திருந்ததால், அவரே தூக்கிக்கொண்டு வந்து மேஜையில் வைத்துவிட்டுக் கதவோரம் நின்றார்.

யுரானிஸ் அட்டையை மடிக்கணினியில் செருகித் திரையை மேலும் கீழும் உருட்டினாள்.

"சார், ஒரு நாளைக்கு எத்தன மணி நேரம் தூங்குறீங்க?"

"ஏழு மணி நேரம் வரும்மா."

"மிஷின் பன்னெண்டுங்குதே."

நூரிஸ் என்னைப் பார்த்தாள். நான் அலமாரியில் மாத்திரை அடுக்கினேன்.

எலியேசர் தொண்டையைச் செருமினார். "வேலை இல்லாம வீட்ல கெடக்குறேன்ல. பகல்லயும் கொஞ்சம் கண்ணசருவேன்."

"கொஞ்சமா? தெனம் அஞ்சு மணி நேரம். சரி, அத விடுங்க. ராத்திரி உங்களுக்கு மணிக்கு மூணு தடவதான் மூச்சு நிக்குது, அருமையா இருக்கு. பகல்ல மட்டும் நாப்பது. மிஷின் போட்டும் நாப்பது! ரெண்டையும் சேத்து அனுப்புனா டாக்டர் என்ன சொல்வாரு? இந்த ஆளுக்கு மிஷினும் வேலைக்காகல, பகல்லாம் தூங்குறாரு, பஸ்ஸ கண்ணுலயே காட்டாதீங்கன்னுதான்."

எலியேசரின் கைகள் தொடை மேல் கிடந்தன. உண்மையைச் சொன்னால் இரவல் விதியை மீறியதற்கு இயந்திரம் போய்விடும், அதோடு பேருந்தும். சொல்லாவிட்டால் பேருந்து இப்போதே போகிறது. மனைவியைக் காட்டிக்கொடுக்கும் எண்ணம் அவருக்கு வரவேயில்லை என்பதை அந்த முகத்தில் பார்த்தேன். அந்த நிமிஷம் அவரை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

"பகல் மூச்சு என்னுதும்மா" என்றார் வில்ஃப்ரீதோ, கதவோரத்திலிருந்து.

யுரானிஸுக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. பிறகு வெடித்தாள். "இதென்ன மிக்ஸியா, ஜூஸ் அடிச்சுட்டுத் தாங்கன்னு குடுக்க?"

"சும்மா கெடந்துச்சேம்மா" என்றாள் நூரிஸ். "கவசம் வேற வேற. ஒவ்வொரு தடவையும் குழாயக்கூட சோப்பு போட்டு அலசித்தான் குடுத்தேன்."

"அலசுறதில்ல விஷயம், அக்கா! காத்தோட அழுத்தம் இவருக்குன்னு அளந்து வச்சது. அவருக்கு அது பத்தவே இல்ல." வில்ஃப்ரீதோ பக்கம் திரும்பினாள். குரல் தணிந்தது. "மாமா, நீங்க தூக்கச் சோதனைக்கு எழுதிக் குடுத்திருக்கீங்களா?"

"குடுத்திருக்கேன். வர்ற நவம்பருக்குத்தான் வரச் சொல்லியிருக்காங்க."

நாற்பது முறை மூச்சு நிற்கிறவனை நவம்பருக்கு வரச் சொல்கிற அந்த வரிசையை யார் கண்டுபிடித்தார்களோ, அவர்களை ஒரு மதியம் அந்தத் தகரக் கூரைக்கடியில் படுக்க வைக்க வேண்டும். நான் இதைச் சத்தமாகவே சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை.

யுரானிஸ் மறுபடியும் திரையைப் பார்த்தாள். எந்த மணிக்கு எந்த மூச்சு என்று அட்டையில் தனித்தனியாகவே இருந்தது. இரவு மணிகளை மட்டும் எடுத்து, பகல் மணிகள் வேறு ஆளுடையவை என்று நடந்ததை அப்படியே எழுதி டாக்டருக்கு அனுப்புகிறேன் என்றாள். இயந்திரத்தையும் இந்த ஒருமுறை விட்டுவைக்கிறேன், ஆனால் ஒரு கையெழுத்து வேண்டும் என்று காகிதத்தை நீட்டினாள். இனி வேறு யாரும் இதைப் போடமாட்டார்கள், பகலில் ஒரு மணி பதிவானாலும் எடுத்துப் போய்விடலாம் என்று அதில் இருந்தது.

எலியேசர் பேனாவை வாங்கினார். மேஜை மேல் வைத்தார். "பகல்ல அவன் என்ன பண்ணுவான்?" என்று கேட்டார். நவம்பரை முன்னால் இழுக்கச் சொல்லிக் கடிதம் எழுதுகிறேன் என்றாள் யுரானிஸ். எழுதினாள் என்றே நம்புகிறேன், அது நல்ல பெண்.

வில்ஃப்ரீதோ வந்து பேனாவை எடுத்துக் கொம்பாத்ரேயின் கையில் திணித்தார்.

"போடுய்யா. உன் ஞானமக தெனம் அந்த ரோட்லதான் காலேஜுக்குப் போறா. ஸ்டியரிங்ல நீ முழிச்சிட்டு ஒக்காந்திருந்தா எனக்குப் போதும். நான் கட்டில்லதானே படுக்குறேன், அங்க யாரு மேல போயி மோதப் போறேன்?"

அவர் சிரித்தார். வேறு யாருக்கும் சிரிப்பு வரவில்லை. எலியேசர் கையெழுத்துப் போட்டார்.

மே மாதம் முதல் திங்கட்கிழமை அவருக்குச் சாவி திரும்பக் கிடைத்தது. இப்போது மறுபடி ஓட்டுகிறார், நன்றாகவே ஓட்டுகிறார். பயணிகள் யாரும் அவரை ஒரு குறை சொன்னதில்லை.

நூரிஸ் காலையில் கவசத்தைக் கழுவிக் கொடியில் போட்டுவிட்டுப் புழக்கடையை விட்டு நகர்வதில்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் குறட்டை ஓடிக்கொண்டிருக்கும்வரை துணி துவைப்பாள், மீன் ஆய்வாள். குறட்டை நின்றால் கையும் நின்றுவிடும். வாய்க்குள் எண்ணுவாள். முப்பது வரை பொறுப்பாள். அதற்கு மேல் போனால் ஒரு கல்லை எடுத்துத் தகரக் கூரை மேல் வீசுவாள். என் கடை வரைக்கும் அந்தச் சத்தம் கேட்கும். நானும் சில்லறையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பேன், வாங்க வந்தவரும் நிற்பார். கொஞ்சம் கழித்து உள்ளேயிருந்து வில்ஃப்ரீதோ கத்துவார்.

"இருக்கேன் கொமாத்ரே, இருக்கேன்!"